கடல் படங்கள் எல்லாம் வெறும் கோடாக வருகின்றன, எங்கே நின்று எடுப்பது?

மண்டபம் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாட்டுப்படகுச் சங்கத்தில் அடுத்த வருடத்துக்கு மாத நாட்காட்டி அடிக்கிறார்கள். வழக்கமாக அச்சகத்தில் என்ன படம் இருக்கிறதோ, பனிமலையோ ரோஜாப்பூவோ, அதைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இந்த முறை நம் கரையையே போடலாமே என்று கூட்டத்தில் யாரோ ஆரம்பிக்க, இருக்கிறதில் நல்ல போன் என்னிடம்தான் என்பதால் பன்னிரண்டு படம் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், நேரில் நின்று பார்க்கும்போது அவ்வளவு அழகாக இருக்கிற கரை போனில் வந்ததும் செத்துப்போகிறது. மேலே நீலம், கீழே நீலம், நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் புள்ளியாக ஒரு படகு. வீடியோவில் எல்லாரும் ரூல் ஆஃப் தேர்ட்ஸ், அதாவது படத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து அந்தக் கோடுகளை ஒட்டி முக்கியமானதை வை, என்று சொல்கிறார்களே என்று கேமராவில் கிரிட் என்கிற அந்தக் கட்டக் கோடுகளைப் போட்டுப் பார்த்தேன். கடல் கோடு கொஞ்சம் மேலே போனது, இல்லையென்றால் கொஞ்சம் கீழே வந்தது, அதைத் தாண்டி ஒன்றும் மாறவில்லை.

என்னிடம் பெரிய கேமரா கிடையாது. மூன்று லென்ஸ் இருக்கிற போன், ஒரு பைக், அவ்வளவுதான். அரியமான், பாம்பன், தனுஷ்கோடி, தேவிபட்டினம், கீழக்கரை வரைக்கும் போய் வரத் தயார். படம் நாட்காட்டித் தாளின் மேல்பாதியில் படுக்கைவாட்டில் வரும், கீழே தேதிக் கட்டங்கள். ஃபில்டர் போடு, ஆப் வாங்கு என்று சொல்லாமல், எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அடிப்படையாகச் சொல்லிக்கொடுத்தால் உதவியாக இருக்கும்.


ராம்நாடு ஸ்டுடியோ எழுதியது:

தம்பி, கிரிட்டை விடுங்கள், முதலில் முழங்காலை மடக்குங்கள்.

நம் கரையில் மலை இல்லை, மேடு இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை தட்டை. மலைப்பக்கம் எடுக்கிறவனுக்குப் பின்னணி அடுக்கடுக்காகத் தானே வந்து நிற்கும், இங்கே அந்த அடுக்கை நாம்தான் உண்டாக்க வேண்டும். அதற்குக் கையில் இருக்கிற பெரிய வசதி போனை எந்த உயரத்தில் பிடிக்கிறோம் என்பது. கல்யாண வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் லென்ஸைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

கடற்கரையில் தொடுவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்திலேயே வந்து நிற்கும். நீங்கள் நின்றுகொண்டு போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால், அதே மணலில் நிற்கிற உங்கள் உயரமுள்ள ஒவ்வொருவர் கண்ணையும் நெற்றியையும் அந்தக் கோடு வெட்டிக்கொண்டு போகும், பக்கத்தில் நிற்பவரானாலும் சரி, நூறு அடி தள்ளி நிற்பவரானாலும் சரி. தலைக்குள் கோடு பாய்ந்த படத்தில் ஆள் கடலோடு ஒட்டிப்போய்விடுவார், ஏன் நன்றாக இல்லை என்று பார்க்கிறவருக்குச் சொல்லவும் தெரியாது. போனை இடுப்பு உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். கோடு எல்லார் இடுப்புக்கும் வந்துவிடும், தலையும் தோளும் கையும் வானத்தில் தெளிவாக நிற்கும். இன்னும் கீழே, மணலை ஒட்டிப் பிடித்தால் கரையேற்றி வைத்திருக்கிற சின்ன வத்தைப் படகுகூட வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு நேர் எதிராக, ஏதாவது உயரத்தில் ஏறினீர்கள் என்றால், ஒரு படகின் மேல்தளமோ ஜெட்டியின் படியோ மொட்டைமாடியோ எதுவானாலும், கோடு மேலே போய்விடும், கடல் ஒரு விரிப்பு மாதிரி பின்னால் விழும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்த படகுகள் தனித்தனியாகப் பிரியும். நின்ற உயரம் மட்டும்தான் நம் ஊரில் பெரும்பாலும் எதற்கும் உதவாத உயரம், எல்லாரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

அடுத்தது அந்தப் புள்ளிப் படகு. போனின் பிரதான லென்ஸ் அகலமானது, பழைய கேமராக் கணக்கில் 24 முதல் 26 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் கண் அந்தப் படகிலேயே நிற்பதால் அது பெரிதாகத் தோன்றுகிறது, லென்ஸுக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது, தூரத்தில் இருப்பதைச் சின்னதாகத்தான் காட்டும். ஆகவே ஒன்று, ஏதாவது ஒரு பொருளை இரண்டு எட்டுத் தூரத்தில் முன்னால் வையுங்கள்: அணியம் என்கிற படகின் முன்முனை, நங்கூரம், வலைக்குவியல், மிதவைக் கட்டு, எது அங்கே உண்மையில் கிடக்கிறதோ அது. இல்லையென்றால் மூன்று மடங்கு லென்ஸுக்கு மாறித் தூரத்துப் படகை மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றுமே வராது. 0.5 என்று காட்டுகிற மிக அகல லென்ஸைக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஏதாவது இருந்தால் ஒழியத் தொடாதீர்கள், ஓரத்தில் நிற்கிறவர்களை அது இழுத்துக் குண்டாக்கிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று. நம் அட்சரேகைக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டி நடுப்பகலில், மணி 12.13 வாக்கில், சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடும், நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். படகின் வயிறு வளைந்திருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதே நிழல்தான், அது இல்லையென்றால் படகு அட்டையில் வெட்டினது மாதிரிதான் தெரியும். காலை எட்டுக்கு முன்னால், மாலை நாலரைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். மண்டபத்தின் வடபக்கம் வடக்கே பார்த்த கரை. ஆனி மாதத்தில் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளி உதிப்பதால் காலை வெளிச்சம் கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து வரும். மார்கழியில் அது தெற்கே போய்விடும், அப்போது கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துத் தென்கரைக்குப் போனால் கடலுக்கு மேலேயே சூரியன் கிடைக்கும். கடைசியாக, எடுக்கிறதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள். உப்புக்காற்றுப் பிசுக்கு பத்து நிமிடத்தில் படிந்துவிடுகிறது, புகை மூட்டம் என்று நாம் நினைக்கிற பாதிப் படங்கள் அந்தப் பிசுக்குதான்.


கீழக்கரை டிராயிங் டீச்சர் எழுதியது:

ஸ்டுடியோ அண்ணன் உயரத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. கிரிட்டை விடச் சொன்னதில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடுதான்.

அந்த மூன்றில் ஒரு பங்கு விதிக்கு இப்படிப் பெயர் வைத்து எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஓவியர், 1797-இல். போட்டோகிராபி வருவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முந்தைய சங்கதி. அவர் நிலக்காட்சி ஓவியத்தில் வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதைப் பற்றித்தான் பேசினார். நாலு புள்ளி இருக்கிறது, அதில் ஒன்றில் ஆளை நிறுத்து என்று இன்றைக்கு வீடியோவில் சொல்வதெல்லாம் அப்புறம் வந்தது.

ஆகவே கிரிட்டை நான் ஒரு கேள்வியாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்: இந்தப் படத்தில் வானம் முக்கியமா, தண்ணீர் முக்கியமா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கோடு எங்கே வர வேண்டும் என்று தானே தெரிந்துவிடும். ஐப்பசியில் மேகம் கருத்துத் திரண்டு வரும்போது வானத்துக்கு மூன்றில் இரண்டு என்ன, பத்தில் ஒன்பதுகூடக் கொடுக்கலாம், கீழே ஒரு கீற்றுக் கடலும் ஒரு படகும் போதும். மேகமே இல்லாத பங்குனி வானத்துக்கு எதற்கு அவ்வளவு இடம்? மேலே வெட்டிவிட்டு அலை ஒதுங்கிப்போன ஈரமணலின் வரிகளைக் காட்டுங்கள்.

நடுவில் கோடு வரவே கூடாது என்பதும் பொய். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மாதங்களில் நம் வடகடல் காலையில் தட்டில் ஊற்றின மாதிரி அசையாமல் கிடக்கும் இல்லையா, படகும் அதன் பிம்பமும் சரிசமமாக இருக்கும், அதை நடுவில் வைத்தால்தான் அந்த அமைதி வரும். வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கிவிட்டால் தலைகீழ், வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிவிடும். இதையெல்லாம் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

தேவிபட்டினம் போவதாகச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கற்கள் ஒன்பதையும் ஒரே படத்தில் அடைக்கத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், ஒரு கல் இன்னொரு கல்லை மறைத்து எட்டாகவோ ஆறாகவோ தெரிகிறது. இரண்டு உருவம் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் கண் அதை ஒரே கட்டியாகத்தான் வாசிக்கும். பக்கவாட்டில் ஒரு அடி, இரண்டு அடி நகர்ந்து நகர்ந்து பாருங்கள், நடுவில் தண்ணீர் தெரிகிற இடம் ஒன்று கிடைக்கும். கிடைக்கவில்லையா, மூன்று கல்லை மட்டும் எடுங்கள். ஒன்பதும் இருக்க வேண்டும் என்று நாட்காட்டி கேட்கவில்லை. கும்பிட வருகிறவர்கள் வழியில் நிற்க வேண்டாம், அது தனி.

ஓடுகிற படகுக்கு முன்பக்கம் இடம் விடு, பின்பக்கம் குறை என்பார்கள். பெரும்பாலும் சரிதான், அணியம் ஃபிரேமின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் மூச்சு முட்டும். ஆனால் விடியலில் கடலுக்குப் போகிற படகைப் பின்னாலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் தள்ளி, கரைப்பக்கம் வெறும் மணலாக விட்டுப் பாருங்கள், போய்விட்டார்கள் என்கிற உணர்வு வரும். எது வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் கையில்.

இன்னொரு சின்னப் பழக்கம்: கிளிக் செய்கிறதற்கு முன்னால் கண்ணைப் பாதி மூடி, இமை வழியாகத் திரையைப் பாருங்கள். விவரமெல்லாம் மங்கி, இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும் மட்டும் தெரியும். அப்போது முதலில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் உங்கள் படத்தின் தலைவன். படகுக்குப் பதிலாக ஓரத்தில் கிடக்கிற சிவப்பு பிளாஸ்டிக் வாளி கண்ணில் பட்டால், வாளியை நகர்த்துங்கள், இல்லை நீங்கள் நகருங்கள்.


வலைக்காரர் மகன் எழுதியது:

மேலே இரண்டு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். யாரை எடுக்கக் கூடாது என்று நான் சொல்கிறேன்.

படகு ஒதுங்கி மீன் இறக்கி ஏலம் போகிற நேரத்தில் போனை நீட்டிக்கொண்டு குறுக்கே போகாதே தம்பி. அந்த அரைமணி நேரத்தில்தான் அன்றைய கூலி முடிவாகிறது, மீன்பாடு சரியில்லாத நாளில் உன் போனைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பாசி எடுக்கப் போகிற பெண்களையும் தண்ணீரிலிருந்து ஏறி வருகிற கோலத்தில் கேட்காமல் எடுக்காதே, வீட்டுச் சுவரில் ஒரு வருடம் தொங்கப்போகிற படம் அது. முதல் நாள் சும்மா போய் உட்கார்ந்து பேசு, என்ன வேலைக்கு எடுக்கிறாய் என்று சொல்லு, மறுநாள் அவர்களே கூப்பிடுவார்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படகு போட்டால் பதின்மூன்றாவது படகுக்காரர் சும்மா இருப்பாரா? பதிவு எண் தெரிந்தால் முடிந்தது கதை. பேசாமல் கையை எடு, கயிற்றை எடு, வலை பின்னுகிற ஊசியை எடு, கருவாடு காய்கிற மணலை எடு.

கரைவலை இழுக்கிற இடம் கிடைத்தால் விடாதே. படம் எடுக்கிறவனுக்கு அதைவிட வசதியான வேலை நம் கரையில் கிடையாது. கயிறு கடலுக்குள்ளிருந்து சாய்வாக வந்து ஆட்கள் கையில் முடிகிறது, இழுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பார்கள், கண் தானாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகும். இழுப்பு சீக்கிரம் முடியாது, அதனால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுற்றி வந்து, அண்ணன் சொன்ன மாதிரி உட்கார்ந்து, நின்று எல்லாம் எடுக்க நேரம் இருக்கும். நடுவில் ஒரு கை கொடுத்தால் இன்னும் மரியாதை.


மண்டபம் தம்பி எழுதியது:

பதின்மூன்றாவது படகுக்காரர் எங்கள் சித்தப்பாதான் என்பதால் அந்தப் பிரச்சினை நிஜமாகவே வரும். கை, கயிறு யோசனையைச் சங்கத்தில் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குச் சாயந்திரம் இடுப்பு உயரத்தில் பிடித்துப் பார்த்தேன், வலை உதறிக்கொண்டிருந்த மாமாவை எடுத்தேன், தலை வானத்தில் தனியாக நிற்கிறது, ஒரே இடம், ஒரே ஆள், வேறு படம். டீச்சர் அக்கா சொன்ன பாதிக்கண் பார்வையில் பின்னால் ஒரு மின்கம்பம் அவர் தோளிலிருந்து முளைத்திருந்தது தெரிந்தது, ஒரு அடி நகர்ந்ததும் போய்விட்டது.

இன்னும் மூன்று இடம் பாக்கி. தனுஷ்கோடி சாலை, பாம்பன் பாலம், ராமேஸ்வரம் கோயில் பிரகாரம். மூன்றும் கட்டாயம் வேண்டும் என்கிறார் செயலாளர். அதோடு மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்குமே, அதையும் எடுக்கலாமா?


ராம்நாடு ஸ்டுடியோ எழுதியது:

பிரகாரத்தை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மூன்றாம் பிரகாரம் கோடுகளுக்கென்றே கட்டினது போல இருக்கும், ஆனால் கோயிலுக்குள் போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. வெளியிலிருந்து கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், செயலாளருக்கு அது போதும்.

தனுஷ்கோடி சாலையில் எல்லாரும் நடுரோட்டில் நின்று, இரண்டு பக்கமும் கடல், நேரே போகிற கோடு என்று எடுக்கிறார்கள். கோடு கண்ணை இழுத்துக்கொண்டு போகும், சரி, எங்கே கொண்டுபோய் விடுகிறது? கடைசியில் ஒன்றும் இல்லையென்றால் பார்க்கிறவன் வெறுங்கையோடு திரும்பி வருவான். அரிச்சல்முனையில் அசோகர் தூண் இருக்கிறது, அதைக் கோட்டின் முடிவில் வையுங்கள், மூன்று மடங்கு லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால் தூண் பெரிதாகும், சாலையும் சுருங்கி வரும். அல்லது எதிரே ஒரு மீன் வண்டியோ சைக்கிளோ வருகிற வரைக்கும் ஓரமாகக் காத்திருங்கள். ஓரமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், சுற்றுலா வேன்கள் அங்கே பறக்கின்றன.

இடிந்த தேவாலயத்தில் வாசல் வழியாக, ஜன்னல் வழியாக எடுப்பது பழைய உத்திதான், ஆனால் இன்னும் செல்லும். சட்டத்துக்குள் சட்டம் வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த ஓட்டைக்குள் ஏதாவது இருக்க வேண்டும், வெறும் வானம் இருந்தால் அது வெறும் ஓட்டைதான். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது, சுவரில் ஏறி நின்று போஸ் கொடுக்கிற ஆட்கள் நகர்கிற வரைக்கும் பொறுங்கள்.

பாலம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் தூக்கு, அதாவது கப்பலுக்கு வழிவிடத் தூக்குகிற நடுப்பகுதி, இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி திறந்தது, பழைய படங்கள் எல்லாம் அந்தச் சாய்கோடுகளை நம்பித்தான் நின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் செங்குத்தாக மேலே போகிறது. ஆகவே பழைய படத்தைப் பார்த்து அதே மாதிரி எடுக்கப் போனால் ஏமாற்றம்தான். கோபுரத்துக்கு மேலே வானம் கொஞ்சம் விட்டு எடுங்கள், தலையை வெட்டாதீர்கள். படுக்கைவாட்டுப் படம் என்பதால் பாலத்தைக் குறுக்கே ஒரே கோடாக வைக்காமல் ஓரத்திலிருந்து சாய்வாக வருகிற மாதிரி நின்றால் தூண்கள் பெரிதிலிருந்து சின்னதாக இறங்கிப் போகும். கீழே ஒரு வத்தை போனால் பாலத்தின் பிரம்மாண்டம் அப்போதுதான் தெரியும், அளவுக்கு ஒரு ஆளோ படகோ இல்லாத பாலம் பொம்மைதான். நண்பனிடம் டிரோன் வாங்கி வருகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வேறு இடத்தில் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வரிசையாக நிற்கிற அணியங்கள், ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருவது, நடுவில் பெயிண்ட் அடிக்கிற ஒரே ஒரு ஆள், படமாகப் பிரமாதமாக இருக்கும். ஆனால் நாட்டுப்படகுச் சங்க நாட்காட்டியில் விசைப்படகைப் போட்டால் என்ன நடக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால்: 12 மெகாபிக்ஸல் படம் 4000-க்கு 3000 புள்ளி, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 13-க்கு 10 அங்குலம் தெளிவாக வரும். விரலால் இழுத்து ஜூம் செய்தாலோ பாதியை வெட்டினாலோ இந்தக் கணக்கு உடையும், அதனால் வெட்டுகிற வேலையை நடந்துபோய்ச் செய்யுங்கள். அச்சகத்தில் தாளின் ஓரத்தைக் கொஞ்சம் சீவுவார்கள், ஆளின் கையோ அணியமோ விளிம்பை ஒட்டி இருந்தால் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.


கீழக்கரை டிராயிங் டீச்சர் எழுதியது:

அச்சகத்தில் படத்தின் நீள அகலத்தை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள் தம்பி, சங்கத்தின் பெயர் படத்துக்கு மேலே வருமா கீழே வருமா என்பதையும். மேலே வருமென்றால் வானத்தில் அதற்கு இடம் விட்டு எடுக்க வேண்டும், பிறகு மேகத்தின் மேல் சிவப்பு எழுத்தை ஒட்டினார்கள் என்று வருத்தப்பட்டுப் பிரயோசனம் இல்லை. தென்கரைப் படத்துக்கு மார்கழியில் வருகிறதாக இருந்தால் நாட்காட்டி அதற்குள் அச்சாகிவிடுமே, அதையும் யோசியுங்கள்.


மண்டபம் தம்பி எழுதியது:

ஆமாம் அக்கா, ஐப்பசிக் கடைசியில் படங்களைக் கேட்கிறார்கள். தென்கரைக்கு அதற்கு முன்பே வந்துவிடுகிறேன். வலைக்காரர் மகன் அண்ணே, கரைவலை உங்கள் பக்கம் எந்த இடத்தில் இழுக்கிறார்கள் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள், முதல் நாள் போன் இல்லாமல் வருகிறேன்.